நாக்குக் கட்டிய மணி

பூங்காவில் என் மகள் சறுக்குமரத்தில் ஏறும்போது அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய் நின்று நான் கை தட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவள் திரும்பிப் பார்க்கும்வரை தட்டுவேன். திரும்பியதும் ஒன்றும் நடக்காததுபோலத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பேன். மல்லேஸ்வரத்தில் நம் தெருவைச் சுற்றியிருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. "பொறந்த ஆஸ்பத்திரியிலேயே காது டெஸ்ட் பண்ணிட்டாங்க, நல்லா இருக்குன்னு எழுதியும் குடுத்துட்டாங்க, இன்னும் எதுக்குப்பா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். சிரித்து மழுப்பினேன். என் பதில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற அளவில் இல்லை. பிள்ளை இரண்டு முறை இருமினால் போனை எடுத்துத் தேடுகிற, தேடியதைப் படித்து இன்னும் பயந்துபோகிற கூட்டம்தானே நாம். உங்களுக்குப் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு நான்கு. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ரயில் பாதையை ஒட்டி ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. வாசலில் நின்றால் தண்டவாளம் தெரியாது. பாசி பிடித்த மதில் மட்டும்தான் தெரியும். ரயில் வருவதற்குச் சற்று முன்னால், தம்பி எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு மதிலிடம் ஓடுவான். இரண்டு உள்ளங்கைகளையும் அதில் பதித்து, கன்னத்தையும் ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பான். அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சத்தம் கேட்கும்.

"நம்ம யாருக்கும் கேக்கறதுக்கு முன்னாடி இவனுக்குக் கேட்டுடுது பாரு," என்பார் அப்பா. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வார். ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து, அடுத்த ரயிலுக்காகவும் தம்பிக்காகவும் காத்திருப்பார்.

தம்பி பேசவில்லை. சிரிப்பான், கையைப் பிடித்து இழுப்பான், கோபம் வந்தால் ஒரே ஒரு நீளமான சத்தம் போடுவான். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அவனிடம் பெயர் கேட்டாள், நிறம் கேட்டாள், கடைசியில் ஒரு சாக்லேட் கொடுத்து, "பேச ஆரம்பிச்ச பிறகு கூட்டிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டாள். அன்று வழியெல்லாம் அம்மா என் கையை வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் கையைப் பிடித்திருப்பதாக நினைத்திருக்கலாம்.

பிரேசர் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் தம்பியின் முகத்துக்கு நேரே சொடுக்குப் போட்டார். தம்பி அவர் விரல்களைப் பார்த்துச் சிரித்தான். "காது நல்லா இருக்கு. வீட்ல எத்தனை பாஷை?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். வீட்டில் தமிழ். காம்பவுண்டில் கன்னடம். முதல் வீட்டு பாய் குடும்பத்தோடு உருது மாதிரி ஒன்று. டி.வி.யில் இந்தி. என் பாடமெல்லாம் இங்கிலீஷ்.

"கொழம்பிப் போயிட்டான். எதை எடுக்கறதுன்னு தெரியல. ஒரே பாஷை பேசுங்க, ஆறே மாசத்துல வந்துடும்."

அம்மா பி.யு.சி. வரைக்கும் படித்தவள். டாக்டர் சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அன்று சாயங்காலமே டி.வி.க்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். காம்பவுண்டு முழுக்கப் போய், "எங்க பையன் முன்னாடி தயவுசெஞ்சு தமிழ் மட்டும் பேசுங்க" என்று கேட்டுக்கொண்டாள். கேட்டது கன்னடத்தில். பக்கத்து வீட்டுக் கன்னட மாமி பாவம், தெரிந்த நான்கைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு தம்பியிடம் "சாப்ட்டியா? சாப்ட்டியா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள்.

அந்த மாமியின் மகள்தான் என் தோழி. அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. தம்பி பக்கத்தில் இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஊமை ஆட்டம் ஆடத் தொடங்கினோம். வா என்றால் ஒரு கை. ஒளிந்துகொள் என்றால் கண்ணை மூடி இரண்டு விரல். கடைக்காரர், திருடன், டீச்சர், ரயில், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை வைத்திருந்தோம். வெயில் மதிலைத் தாண்டி இறங்குகிற நேரத்தில், சத்தமே இல்லாமல் மூன்று பேரும் காம்பவுண்டில் ஓடிக்கொண்டிருப்போம். நினைத்துப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் விளையாடியதுபோல இருக்கிறது. தம்பி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் சைகைகளை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். புதிதாகச் சிலவற்றை அவனே சேர்த்தான்.

"பாத்தீங்களா, ஒரே பாஷைன்னதும் எப்பிடித் தெளிஞ்சுட்டான்," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

அந்தக் குரலை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாமும் எத்தனை விஷயத்தில் இப்படி நிம்மதியாக இருக்கிறோமோ.

* * *

மாசி பிறந்ததும் கோலார் தங்கவயலில் இருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. காலை ரயிலில் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பைகளோடு, பூத்துக் கொட்டிக் கிடந்த இளஞ்சிவப்புப் பூக்களை மிதித்துக்கொண்டு நடந்தே வருவாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் எங்களுக்குக் குரல் கேட்கும். மாமா சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலையில் இருந்தவர். காது மந்தம். அவரோடு கத்திக் கத்தி, அத்தைக்கு எல்லோரிடமும் அதே சுருதி அமைந்துவிட்டது.

"இன்னாமே, இன்னும் வாய தொறக்கலியா என் ராசா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

அத்தைக்குத் தெய்வம் கன்னியம்மாதான். கோயிலில் இருக்கிறவள் இல்லை, கடலில் இருக்கிறவள். மாசி மகத்தன்று மட்டும் அலையோடு கரைக்கு வருவாள். மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருளர் சனங்கள் ஊர் ஊராக வந்து கூடி அவளை அழைப்பார்கள். எங்கள் ஆட்கள் வட ஆற்காட்டில் அவர்களோடு ஒரே மலையடிவாரத்தில் இருந்தவர்களாம். அவர்களோடு சேர்ந்து கடலுக்குப் போய்ப் பழகி, தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. அந்த வருஷம் தம்பிக்காக எங்களையும் கூட்டிக்கொண்டு போவது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். பேச்சு வராத பிள்ளைக்காகக் கன்னியம்மாவுக்கு மணி வாங்கிக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த மணிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கன்னியம்மா காதில் விழுகிறவரை அது வேறு யார் காதிலும் விழக்கூடாது. நாக்கை மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கடலுக்கு முன்னால் அவிழ்த்து அடிக்க வேண்டும்.

சிவாஜிநகர் பாத்திரக் கடையில் நானும் உடன் இருந்தேன். கடைக்காரர் ஒரு வெண்கல மணியை எடுத்து ஆட்டப் போனார். அத்தை அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அடிக்காத."

"அடிக்காம எப்பிடிம்மா மணி வாங்குவீங்க? நாதம் பாக்க வேணாமா?"

"வாங்கறவ நான் இல்லப்பா. அவ பாத்துக்குவா. நீ நாக்கக் கட்டிக் குடு."

"பொறவு ஒடஞ்ச சத்தம் வருதுன்னு என்கிட்ட வரக்கூடாது."

"நான் ஏன் வர்றேன்? கடல்லேர்ந்து அவளே வந்தா நீ வேற சட்ட போட்டுக்க வேண்டிதான், நனஞ்சிரும்," என்றாள் அத்தை. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்தது அந்த மாதத்தில் அது ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மணியைச் சாமி அலமாரியில் வைத்தார்கள். மத்தியானம் சாப்பிட்டு அத்தை கண் அசந்த நேரத்தில் தம்பி ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துவிட்டான். அப்பா பூஜை செய்யும்போது மணி ஆட்டுவதைப் போலவே, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வலது கையால் ஆட்டினான். நாக்குக் கட்டிய மணி. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அவன் கண்ணை மூடி மூடித் திறந்து, எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஆட்டிக்கொண்டே இருந்தான்.

நான் சிரித்தேன். அடுக்களை வாசலில் ஈரக் கையோடு அம்மா நின்றாள். சிரிக்கவில்லை. மெதுவாக வந்து, அந்த மணியை வாங்கிக்கொண்டு, எங்கள் பழைய பூஜை மணியை அவன் கையில் கொடுத்தாள். கணீர் கணீர் என்று ஆட்டினான். அதே சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தாள். அதே சிரிப்பு.

"அண்ணி," என்றாள் அம்மா. அத்தை பாயில் படுத்தபடியே "ம்" என்றாள். "இவனுக்குக் காதுல ஏதாச்சும் இருக்குமோ?"

அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மே, காது கேக்காத மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? என் ஊட்டுலயே ஒண்ணு கீது. எப்பப் பாரு உர்ருன்னு, நாம எதுனா அதப் பத்திப் பேசிட்டமோன்னு பாத்துனு கீது. இவன் பாரு, பூவாட்டம் சிரிச்சினு கீறான். இவனுக்கா கேக்கல? ரயிலு வர்றது உனக்கு முன்னாடி கேக்குது அவனுக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். மணியை அலமாரியில் ஏற்றி வைத்தாள்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த செவிடு அவள் புருஷன் ஒருத்தர்தான். சத்தம் கேட்டுப் பழகி, பிறகு அதை இழந்த மனிதர். சத்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளை எதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளப் போகிறது? இது அத்தைக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கே தோன்றவில்லை.

* * *

வேன் ஓட்ட வந்தவர் பிரேசர் டவுன் பாய். அத்தையை உருதுவில் "ஆப்பா", அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அத்தையின் தெருவில் இருந்த பெண்கள் சிலர் முந்தின நாளே ரயிலில் வந்து எங்கள் கூடத்தில் தங்கி, விடிந்ததும் வேனில் ஏறினார்கள். கூடையில் பொரி, தேங்காய், பூ, கண்ணாடி வளையல், ஒரு கட்டு வேப்பிலை. மணி அம்மாவின் மடியில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது.

"ஆப்பா, உங்க கன்னியம்மா எனக்கும் ஒண்ணு செய்யணும்," என்றார் டிரைவர், ஓசூர் தாண்டியதும். "பெங்களூர் டிராபிக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க."

"கடல்ல இருக்கறவளுக்குச் சில்க் போர்டு ஜங்ஷன் எப்பிடிப்பா தெரியும்?" என்றாள் அத்தை. வேன் முழுக்கச் சிரிப்பு. தம்பியும் சிரித்தான். யார் சிரித்தாலும் அவன் சிரிப்பான்.

பயணத்தில் வேறெதுவும் நினைவில்லை. வெக்கை, சிவப்புப் பாறைகள், வேலூர்ப் பக்கம் எங்கோ நிறுத்தித் தின்ற நுங்கு, என் தொடையில் தலைவைத்துத் தூங்கிய தம்பியின் வியர்த்த நெற்றி. அப்புறம் ஒரு சாயங்காலம். காற்றில் உப்பு.

அந்தக் கடற்கரையை நான் பிறகு எத்தனையோ முறை கனவில் பார்த்திருக்கிறேன். அதனால் எது பார்த்தது எது கனவு என்று பிரிக்கத் தெரியவில்லை. மணல் முழுக்கச் சேலைகள். நான்கு கம்பு நட்டு, சேலைகளைச் சுற்றிக் கட்டி, ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீடு கட்டியிருந்தது. சுவரெல்லாம் காற்றில் மூச்சு விடும். ஒரு பச்சைச் சேலைக்குப் பின்னால் விளக்கு ஏற்றினால் அந்த வீடே இலைக்குள் இருப்பதுபோல ஆகும். அடுத்தது மாம்பழ நிறம். அடுத்தது ரத்தச் சிவப்பு. நடுவில் வளைந்து வளைந்து போகிற மணல் சந்துகளில் மீன் வறுக்கிற வாசம், சாம்பிராணி, பிள்ளைகளின் மூத்திர வாடை. எங்கேயோ பம்பை அடிக்கிறார்கள். நிலா கடலுக்குள் இருந்து ஈரமாக எழும்பி வந்தது. அம்மா எங்கள் வேன்காரர் கட்டிக் கொடுத்த சேலைக் கூடாரத்துக்குள் எங்கள் இரண்டு பேரையும் கிடத்தினாள். கடல் இரைவதைக் கேட்டபடி நான் தூங்கினேன். தம்பி மணலில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு தூங்கினான்.

விடியற்காலையில் பெண்கள் கரையோரம் ஈர மணலைக் குவித்து ஏழு படிகள் கட்டினார்கள். கன்னிமார் ஏழு பேர், ஆளுக்கு ஒரு படி. படிகளில் மஞ்சள், குங்குமம், பூ, வளையல், பொரி. சுற்றிலும் இருளர் பெண்கள் அவர்கள் படிகளுக்கு முன்னால் உட்கார்ந்து கன்னியம்மாவை அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் யாருக்கோ கல்யாணம் நடந்தது. இன்னொரு பக்கம் மொட்டை அடிக்கப்பட்ட குழந்தை அழுதது. அத்தை ஈரப் புடவையோடு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கடலைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். "மணிய எடு மே," என்று திரும்பினாள்.

அம்மா மணியை எடுத்தாள். தம்பியைக் காணவில்லை.

ஒரு கணம் முன்னால்வரை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா கூப்பிட்டார். அத்தை கூப்பிட்டாள், அந்தக் குரலுக்குக் கூட்டமே திரும்பியது. தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு திசையில் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார்கள். டிரைவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அலைக்குள் தேடினார். எங்களை யாரென்றே தெரியாத ஒரு இருளர் பாட்டன்கூடக் கையை வாயருகே குவித்து அந்தப் பெயரைக் கூவினார். கடற்கரை முழுக்க என் தம்பியின் பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் கேட்டது.

நானும் அம்மாவும் கல்யாணம் நடந்த பக்கமாக ஓடினோம். கூட்டம் முடிகிற இடத்தில், ஒரு ஊதா நிறச் சேலைக் கூடாரத்துக்கு அப்பால், அவன் இருந்தான். ஈர மணலில் குப்புறப் படுத்து, ஒரு காதை மணலில் அழுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒவ்வொரு அலை விழும்போதும் அவன் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா நின்றுவிட்டாள். ஓடிப்போய் அவனைத் தூக்குவாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து கூப்பிட்டாள். இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்துக் கூப்பிட்டாள். அவன் தலைக்கு மேலேயே போய் நின்று, குனிந்து, அடிவயிற்றில் இருந்து கத்தினாள். கூடாரத்துக்குள் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

அவன் அலைக்காகக் காத்திருந்தான்.

அப்போதுதான் அம்மா கையில் இருந்த மணியின் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மஞ்சள் துணி காற்றில் பறந்து என் முகத்தில் பட்டது. அத்தை தூரத்தில் இருந்து பார்த்துவிட்டாள். "வேணாம் மே, வேணாம்," என்று மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அம்மா தம்பியின் தலைக்குப் பின்னால், காதுக்கு ஒரு சாண் தள்ளி, மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

நல்ல மணி. பாத்திரக் கடைக்காரர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. கூடாரத்துக்குள் தூங்கிய கைக்குழந்தை வீறிட்டு எழுந்தது. ஒரு நாய் காதைத் தூக்கியது. கல்யாணக் கூட்டம் திரும்பியது. தம்பி மட்டும் விரலால் மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

மணியின் விளிம்பு அவன் தோளில் இடித்ததும் திரும்பினான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, மணிக்காகக் கையை நீட்டினான்.

அத்தை மூச்சிரைக்க நின்றாள். "அடிப்பாவி, அவ கேக்கறதுக்கு முன்னாடி அடிச்சிட்டியே."

"அவ கேட்டிருப்பா அண்ணி," என்றாள் அம்மா. "இவன்தான் கேக்கல."

அம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது. கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

அத்தை நம்பவில்லை. பூஜைத் தட்டைக் கொண்டுவந்து அவன் முதுகுக்குப் பின்னால் தேங்காயால் தட்டினாள். கை தட்டினாள். அவளுடைய அந்தக் குரலில் "ராசா, ராசா" என்று கூப்பிட்டாள். தம்பி அம்மாவின் வளையலை எண்ணுவதுபோல உருட்டிக்கொண்டிருந்தான். அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவள் பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அப்பா கடலைப் பார்த்து நின்றார். "அப்ப ரயிலு?" என்று யாரிடமோ கேட்டார்.

அடித்துவிட்ட மணியைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெருப் பெண்களுக்குள் பேச்சு வந்தது. அம்மா யாரையும் கேட்கவில்லை. போய் ஏழாவது படியில் அதை வைத்தாள். முதல் அலை பொரியையும் பூவையும் கொண்டுபோனது. அடுத்த அலை படிகளைக் கரைத்தது. மணி பாதி புதைந்து, தலை மட்டும் தெரிய நின்றது. இன்னொரு அலை வந்து போனபின் அந்த இடத்தில் வழுவழுப்பான மணல் மட்டும் இருந்தது. கடல் எடுத்ததா, யாராவது எடுத்தார்களா, தெரியாது.

அம்மாவுக்கு அந்தக் கடற்கரையில்தான் தெரிந்ததா, அல்லது வீட்டில் இரண்டு மணிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்த அந்த மத்தியானமே தெரிந்துவிட்டதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்தே வேனில் ஏறினாளா? கன்னியம்மா வேறு ஏதாவது சொல்வாள் என்று ஒரு பிடிப்பா? ஒரு முறை கேட்டேன். "ஞாபகம் இல்ல" என்றாள். எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அந்த "ஞாபகம் இல்ல" என்பதை நான் நம்புவதில்லை. குறை சொல்லவும் தோன்றுவதில்லை. தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு அம்மாவுக்கு எத்தனை வேலைகள் இருக்கின்றன.

* * *

பெங்களூருக்குத் திரும்பிய வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் தம்பியை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு கன்னடப் பெண் பொத்தான்களைத் திருகிப் பார்த்தாள். முடித்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகப் பேசினாள். ரொம்ப அதிர்வு இருந்தால் உடம்பில் தெரிந்துகொள்வான், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்துபோவார்கள் என்றாள். இன்னும் சின்னதில் வந்திருக்கலாம் என்றும் சொன்னாள். எத்தனை பாஷை பேசுவது என்று அம்மா கேட்டாள். "யாவ பாஷே ஆதரூ சரி, எந்த பாஷையா இருந்தாலும் முகம் பார்த்துப் பேசுங்க," என்றாள் அந்தப் பெண்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று வந்தது. அதில் இருந்து இரண்டு வயர்கள் காதுகளுக்குப் போகும். அம்மா அதற்காக அவன் சட்டைகளிலெல்லாம் நெஞ்சுக்கு நடுவில் ஒரு பை தைத்தாள். டி.வி. மேல் இருந்த துண்டை எடுத்தாள். என் தோழி வீட்டுக்குள் வந்து கன்னடத்தில் கத்தினாள். தம்பிக்குச் சத்தம் என்றால் பயமில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, தேடிப் போவான். குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு. காக்கை கத்தினால் மதிலுக்கு. கண்டுபிடித்ததும் விரலை நீட்டி எங்களைத் திரும்பிப் பார்ப்பான். பேச்சு லேசில் வரவில்லை. "ம்மா" வந்தது. தண்ணீருக்கு ஒரு "ன்னி" வந்தது. அத்தை மாதம் ஒருமுறை ரயிலேறி வந்தாள். முன்பெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி பேசுகிறவள், இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள்.

அடுத்த மாசியில் அவள் எங்களைக் கூப்பிடத் தயங்கினாள். வேன் பேசிவிட்டாள் என்று அம்மாவுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

"எங்களுக்கு எடம் இல்லியா அண்ணி?"

"நீ வருவியா?" அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை. "இன்னும் இன்னாத்த கேக்கப் போற அவகிட்ட?"

"கேக்க ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு."

இந்த முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. உப்புக் காற்றுக்குக் கெட்டுவிடும் என்று கருவியை வேனிலேயே வைக்கச் சொன்னார் அப்பா. அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அவன் சட்டைப் பையில் வைத்து, வயர்களைக் காதில் மாட்டினாள். சேலை வீடுகளுக்கு நடுவே தம்பியை நான் ஒரு கையும் அம்மா ஒரு கையுமாகப் பிடித்து நடந்தோம். கடைசிச் சேலையைத் தாண்டியதும் அவன் நின்றான்.

தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். பின்னால் திரும்பிக் கூடாரங்களைப் பார்த்தான். கீழே மணலைப் பார்த்தான். விரலை நீட்டினான், எங்கே நீட்டுவது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான். அப்போது ஒரு பெரிய அலை நிமிர்ந்து வந்து விழுந்தது.

அவன் போட்ட அலறல் அந்தக் கரையில் எல்லோரையும் திருப்பியது. அம்மாவின் மேல் தாவி ஏறி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புடவைக்குள் முகத்தைப் புதைத்தான். ஒவ்வொரு அலைக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. படி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் மணல் கையோடு எழுந்து ஓடிவந்தார்கள். "இன்னாச்சு, எதுனா கடிச்சிச்சா புள்ளய?" என்று கேட்டார்கள். அப்பா விரலால் கடலைக் காட்டினார். அத்தை குனிந்து அவன் முகத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவளுக்கே கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொட்டிய நிறுத்து மே. கொழந்த பயந்து சாவுது."

அம்மாவின் கை அவன் நெஞ்சுப் பைக்குப் போனது. விரல் கருவியின் திருகைத் தொட்டது. திருகவில்லை. பையின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டு, அவனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணி," என்றாள். "கொஞ்ச நேரம் பயப்படட்டும்."